கயிற்றின் மறுமுனை

கே.ஜி.கண்டிகை,
10-2-1946

அன்புள்ள அக்காவுக்கு,

கௌரியின் வணக்கம். இங்கே எனக்கும் கொழுந்தனார் துளசிங்கத்துக்கும் அவர் மனைவி, என் ஓர்ப்படி ஜெயம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தப் பனியில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பாவா சௌக்கியமா? உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாரா?

தைக் கிருத்திகைக்குத் திருத்தணி போய் வந்தோம். மலை ஏறுமுன் கால் நனைக்கலாம் என்று சரவணப் பொய்கையில் இறங்கினேன். பாசி வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை. நான் போட்ட கூச்சலில் காவடி தூக்கி வந்தவர்களே நின்று திரும்பிப் பார்த்தார்கள். சித்தூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி என்னைத் தூக்கிவிட்டு, "பயப்படாதேம்மா, இது சமுத்திரம் இல்லே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வண்டியில் திரும்பும்போது சிரிப்பு வரவில்லை. பி.ஏ. படித்தவள், நாற்பத்து மூன்று வயதானவள், முழங்கால் தண்ணீரில் குழந்தைபோல் அலறினேன்.

அப்போதுதான் எதிரே உட்கார்ந்திருந்த ஜெயம்மா, "அக்கா, நம்ம கெணத்துல நான் ஒங்களுக்கு நீச்சல் கத்துக்குடுக்கட்டுமா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளாக எங்களுக்குள் உப்பு, புளி, விறகு தவிர வேறு பேச்சு நடந்ததில்லை. சண்டையும் இல்லை, சிநேகமும் இல்லை. என் வீட்டுக்காரர் காலமான இந்த இரண்டு வருஷத்தில் அந்தப் பேச்சும் குறைந்துபோயிற்று. இப்போது திடீரென்று எதற்கு இந்தக் கரிசனம்? என் முகத்தைப் பார்க்காமல் மாட்டின் கொம்பைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரருகிட்ட நீங்களா கேக்கற மாதிரி கேளுங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உறுத்துகிறது. உங்களைக் கேட்காமல் நான் எதையும் செய்ததில்லை. என்ன செய்யட்டும், எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
கௌரி


புரசைவாக்கம், சென்னை,
14-2-1946

கௌரிக்கு அக்காவின் ஆசி.

என் முழங்கால் இருந்த இடத்தில் இருக்கிறது. உன் கடிதம் வந்ததிலிருந்து மனசுதான் இருந்த இடத்தில் இல்லை.

உன் ஜாதகத்தில் ஜலகண்டம் இருக்கிறதென்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தாளே, மறந்துவிட்டாயா? உன்னைக் கோயில் குளத்துப் பக்கம் விடாமல் செம்புத் தண்ணீரில் குளிப்பாட்டி வளர்த்தவள் நான். அது போகட்டும். மாமரத்தடிக் கிணறும் சுற்றியுள்ள நிலமும் உன் வீட்டுக்காரர் உன் பெயருக்கு எழுதி வைத்தவை. உனக்குப் பிள்ளை குட்டி இல்லை. உனக்குப் பிறகு அவை யாருக்குப் போகும்? ஒருத்தி உன்னை அந்தக் கிணற்றுக்கே கூப்பிடுகிறாள், தான் கூப்பிட்டதாகச் சொல்லாதே என்றும் சொல்கிறாள். நீ படித்தவள், கூட்டிப் பார்த்துக்கொள்.

நான் உன்னைப் பயமுறுத்தவில்லை. சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அதோடு, ஹார்மோனியம் வாங்கினாய், வந்ததா? தையல் மிஷின் வாங்கினாய், வந்ததா? நீச்சல் மட்டும் வந்துவிடுமா? உனக்கு இதெல்லாம் வராதடி. வராததற்காக உயிரை விடவேண்டுமா?

மாடி அறையைப் பெருக்கி மெழுகி வைத்திருக்கிறேன். நீ இங்கே வந்து என்னோடு இருந்துவிடு.

அக்கா,
தாயம்மாள்


கே.ஜி.கண்டிகை,
3-3-1946

அன்புள்ள அக்காவுக்கு,

கௌரியின் வணக்கம். இங்கே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. எல்லாரும் நன்றாக இருக்கிறோம். பாவாவைப் பற்றி நீங்கள் எழுதவில்லையே, ஆபீசில் வேலை அதிகமா?

உங்கள் சொல்லை மீறிவிட்டேன். திட்டுமுன் முழுதும் படியுங்கள்.

துளசிங்கத்திடம் நானாகக் கேட்பதுபோல் கேட்டேன். "இந்த வயசுல இன்னாத்துக்கு அண்ணி?" என்றார். பிறகு, "சரி, ஒங்க இஷ்டம்" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது எனக்குப் பிடிக்கவில்லை. மறுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

கவலை கட்டித் தண்ணீர் இறைப்பவர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டுச் சாப்பிடப் போகும் உச்சி வேளையில் நாங்கள் கிணற்றுக்குப் போகிறோம். காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டை என் முதுகில் கட்டுகிறாள். தாம்புக்கயிற்றின் ஒரு முனையை என் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு மேட்டில் நிற்கிறாள். நான் கல்படிகளில் ஒவ்வொன்றாக இறங்கிக் கடைசிப் படியைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். முதல் நாள் நான் செய்தது அதுதான், நின்றது.

"கைய உடுங்க அக்கா."

"விட்டால் போய்விடுவேன்."

"எங்க போவீங்க? கெணத்துக்கு நாலு பக்கமும் செவுருதானே கீது!"

சிரித்துவிட்டேன். சிரித்தபோது கை தானாக விட்டுப்போயிற்று. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, கண் இருட்டி, பிறகு இடுப்பில் சுரீரென்று கயிறு இழுத்தது. அவள் இழுத்துவிட்டாள், அக்கா. இழுத்துவிட்டாள் என்பதை எழுதும்போதே, முதல் நாள் இழுக்கத்தானே செய்வாள், நம்பிக்கை வர வேண்டாமா என்றும் ஒரு நினைப்பு ஓடுகிறது. அது உங்கள் குரலா, என் குரலா என்று தெரியவில்லை.

கவலை ஓட்டும் வீராசாமிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "மெட்ராஸ் அம்மா எறங்கினா நம்ம தண்ணிகூட இங்கிலீஷ் பேசும் போலகீதே" என்கிறானாம்.

உங்கள் தங்கை,
கௌரி


புரசைவாக்கம்,
9-3-1946

கௌரிக்கு,

சுகம். சுகமில்லாவிட்டாலும் சுகம் என்றுதானே எழுத வேண்டும்.

மீறியாகிவிட்டது, இனி நான் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்று மட்டும் செய். இறங்குமுன் கயிற்றைக் கையில் வாங்கி முழுதும் பார். யார் எடுத்து வந்தார்கள், எங்கே வைத்திருந்தார்கள் என்று கேள். நம்புகிறவர்களிடம் கேள்வி கேட்கக்கூடாது என்று நினைக்காதே. நான் கேட்காமல் இருந்து கெட்டவள்.

மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

தாயம்மாள்


கே.ஜி.கண்டிகை,
1-4-1946

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கைகால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுவும் நல்ல வலி. நீங்கள் எதைக் கேட்காமல் கெட்டீர்கள்? அந்த ஒரு வரியைப் பலமுறை படித்தேன்.

நீங்கள் சொன்னபடி கயிற்றைப் பார்த்தேன். நடுவில் ஓர் இடத்தில் புரி ஒன்று அறுந்திருந்தது. எலி கடித்ததா, கத்தி பட்டதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜெயம்மாவிடம் சொல்லாமல் திருத்தணிக் கடைத்தெருவில் புதுக்கயிறு வாங்கி வந்து, பழையதைப் போலவே சுருட்டி அதே ஆணியில் மாட்டிவைத்தேன்.

மறுநாள் ஜெயம்மா அதைக் கையில் எடுத்ததும் நின்றாள். மோந்து பார்த்தாள். புதுக்கயிற்றின் வாசனை எங்கே போகும்?

"கயிற மாத்தி கீறீங்க."

"பழசு அறுந்திருந்தது."

"ஆங், தெரியும். அறுந்த எடத்துக்கு முன்னாலயேதான் நான் எப்பவும் புடிச்சிகினு கீறது. அந்தத் துண்டு என் கைக்குப் பின்னால தொங்குமே, பாக்கலியா?" பிறகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "என்ன நம்பாம எறங்கறதுக்கு எறங்காமலே இருந்துடலாமே அக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

அன்று நீச்சல் பாடம் இல்லை. வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தேன். திருத்தணிப் பெண்கள் பள்ளியில் பாடம் சொல்லித்தரக் கூப்பிட்டபோது, நிர்வாகிகள் ஏதோ உள்நோக்கத்தோடு கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி மறுத்தேன். உண்மையில் வகுப்பின் முன் நிற்க எனக்குப் பயம். பயம் என்று சொல்ல வெட்கம். சந்தேகம் என்று சொல்வது கௌரவமாக இருந்தது. எனக்கு வராது என்பதை மறைக்க எத்தனை பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்!

ஆனாலும் ஜெயம்மாவிடம் ஏதோ இருக்கிறது, அக்கா. நான் தண்ணீரில் கையடிக்கும்போது அவள் என்னைப் பார்ப்பதில்லை. என்னைத் தாண்டித் தண்ணீரையே பார்க்கிறாள். பசித்தவர்கள் பார்ப்பதுபோல் பார்க்கிறாள்.

கௌரி


புரசைவாக்கம்,
8-4-1946

கௌரிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்.

பசித்தவள்போல் பார்க்கிறாள் என்று நீயே எழுதுகிறாய், நீயே இறங்குகிறாய். உன்னை என்ன சொல்ல! அதுவும் எப்படி? கணவனை இழந்தவள் வெள்ளையை அவிழ்த்து வைத்துவிட்டு, அந்த ஜெயம்மாவின் அம்மையார்குப்பத்து நெசவுப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஊரார் பார்க்கப் பட்டப்பகலில்! நம் அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? போதும் கௌரி. சித்திரை பிறந்ததும் புறப்பட்டு வந்துவிடு.

தாயம்மாள்


கே.ஜி.கண்டிகை,
12-4-1946

அக்காவுக்கு,

சுகம்.

பச்சைச் சேலையைப் பற்றி நான் உங்களுக்கு எழுதவே இல்லை. நனைந்தால் வெள்ளைச் சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டு தெரியும் என்பதால் கட்டினேன். நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்றுதான் எழுதாமல் விட்டேன்.

உங்களுக்கு யார் எழுதியது?

கௌரி


கே.ஜி.கண்டிகை,
10-5-1946

அன்புள்ள அக்காவுக்கு,

சித்திரையும் முடியப்போகிறது, உங்களிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. முழங்காலோடு வேறு ஏதாவது சேர்ந்துகொண்டதா? எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் இதை எழுத உங்களை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

வெயிலில் கிணற்றுத் தண்ணீர் இறங்கிவிட்டது. நாலு நாளைக்கு முன் குடுக்கை இல்லாமல், இடுப்புக் கயிற்றோடு மட்டும் இறங்கினேன். படியிலிருந்து சற்றுத் தள்ளிப் போய்த் திரும்புவதுதான் அன்றைய பாடம். தள்ளிப் போனேன். திரும்பும்போது கயிறு தளர்ந்து தண்ணீரில் மிதப்பதைப் பார்த்தேன். அண்ணாந்து பார்த்தேன். மேட்டில் யாரும் இல்லை.

நீங்கள் எழுதியதெல்லாம் அந்த ஒரு கணத்தில் என் தலைக்குள் வந்து நின்றது, அக்கா. ஜலகண்டம், நிலம், எனக்குப் பிறகு யாருக்கு, எல்லாம். கத்த வாயைத் திறந்தேன், தண்ணீர்தான் உள்ளே போயிற்று. முங்கி எழுந்தேன். அப்போதுதான் கிணற்றின் அந்த மூலையில் அவளைக் கண்டேன். கயிற்றை மாமரத்தில் கட்டிவிட்டு, தோல்சால் இறங்கும் கவலைக்கல் பக்கமாகத் தண்ணீரில் இறங்கியிருக்கிறாள். மல்லாந்து, கண்ணை மூடிக்கொண்டு, காது வரை தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு மிதக்கிறாள். நான் செத்தால்கூட அவளுக்குக் கேட்டிருக்காது.

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவேன்! அவளைப் பிடித்து உலுக்கவேண்டும் என்று தோன்றியது. பாதி வழியில் கயிறு தீர்ந்து இடுப்பை இழுத்தது. முடிச்சை உருவி எறிந்தேன். போய் அவள் தோளைப் பிடித்த பிறகுதான் நின்றேன்.

"என்னைக் கொல்லப் பார்த்தாயா?"

அவள் பதறிப்போய்க் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் நான் வந்த தண்ணீரைப் பார்த்தாள்.

"அய்யோ அக்கா, நீங்க எப்படி இங்க வந்தீங்க?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஆழமான நடுக்கிணற்றைக் கடந்து வந்திருக்கிறேன். தெரிந்ததும் முங்கப் பார்த்தேன். அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே ஏறி வந்து, கவலைக்கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். திருவாலங்காட்டில் அவள் அப்பா கிணற்றில், விழுந்த குடத்தை எடுக்க ஆண்பிள்ளைகளைக் கூப்பிட மாட்டார்களாம், இவளைத்தான் கூப்பிடுவார்களாம். கல்யாணமாகி வந்தபிறகு ஒருமுறைகூடத் தண்ணீரில் இறங்கியதில்லை. "ஊட்டுக்கு வந்த மருமவ கெணத்துல குதிச்சா ஒத்துக்குவாங்களா? நீங்க படிச்சவங்க, மூத்தவங்க. ஒங்களுக்குக் கத்துக்குடுக்கறேன்னு வந்தா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். ஒங்களுக்கு நல்லா வந்துட்டா நானும் கூட எறங்கலாம்னு பாத்தேன். இன்னிக்கி தாங்க முடியல அக்கா. கொஞ்ச நேரம்னுதான் எறங்கினேன்."

உள்நோக்கம் இருக்கிறது என்று நாம் நினைத்தது சரிதான். இருந்தது. அது இதுதான்.

அன்று சாயங்காலமே யாரோ பார்த்துத் துளசிங்கத்திடம் சொல்லிவிட்டார்கள். மறுநாள் கிணற்றுப் படி வாயில் இலந்தை முள் வெட்டிப் போட்டிருந்தது. துளசிங்கம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஊர்ல இன்னா பேசிகினு கீறாங்க தெரியுமா அண்ணி? ரெண்டு பொம்பளைங்களும் கெணத்துல கும்மாளம் போடறாங்களாம். நான் தலைகாட்ட முடியல."

"என் அக்காவுக்கு எழுதியது நீங்களா தம்பி?"

அவர் முகம் சிறுத்துப்போயிற்று. "ஆங். அவங்கதான் அப்பப்ப எழுதுன்னாங்க. பெரியவங்க கேட்டா இன்னா செய்யறது? ஒங்கள மெட்ராசுக்கு இட்டுகினு போறேன்னும் எழுதினாங்க. அதுவரைக்கும் ஏன் வம்புன்னுதான் நானும் வாயத் தொறக்கல."

அவர் சுலபமாகச் சம்மதித்த காரணம் விளங்கிவிட்டது. "நான் போகவில்லை. கிணறு என் பங்கில் இருக்கிறது. இந்த முள்ளை நீங்கள் எடுக்கிறீர்களா, நான் எடுக்கட்டுமா?" என்றேன். இப்படி யாரிடமும் நான் பேசியதில்லை. பதில் வருமுன் குனிந்து இழுத்தேன், உள்ளங்கை கிழிந்தது. ஜெயம்மா தலையைக் குனிந்துகொண்டே வந்து மறுபக்கத்தைப் பிடித்தாள். துளசிங்கம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கைய கிழிச்சுக்காதீங்க அண்ணி, நவருங்க" என்று கவைக்கோலை எடுத்து வந்து முள்ளைத் தள்ளிப்போட்டார். அவர் இன்னும் ஜெயம்மாவோடு சரியாகப் பேசவில்லை. முள்ளைத் திரும்பப் போடவும் இல்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஏன் துளசிங்கத்தை விட்டு என்னை வேவு பார்க்கச் சொன்னீர்கள்? அதைவிட, ஏன் பாவாவைப் பற்றி ஒரு கடிதத்திலும் ஒரு வரிகூட இல்லை?

கௌரி


புரசைவாக்கம்,
2-6-1946

கௌரிக்கு,

உன் கை ஆறிவிட்டதா? மஞ்சள் வைத்தாயா?

எழுதி எழுதிக் கிழித்தேன். சுருக்கமாக எழுதுகிறேன். உன் பாவா இந்த வீட்டில் இல்லை. போன தீபாவளிக்கு முன்பே போய்விட்டார். பெரம்பூரில் அவருக்கு இன்னொரு வீடு இருக்கிறது. எத்தனையோ காலமாக இருந்திருக்கிறது. நான் கேட்டதில்லை.

உனக்கு எப்படி எழுதுவேன்? எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று உனக்குச் சொல்லி வந்தவள் நான். என் வீட்டில் நடப்பதே எனக்குத் தெரியவில்லை என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்? நீ மாடிக்கு வந்துவிட்டால் பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ வரவில்லை. கிணற்றில் இறங்கினாய். என்னைக் கேட்காமல் ஒன்றைச் செய்ய உனக்கு வந்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம் என்று தோன்றியது. அதனால்தான் துளசிங்கத்துக்கு எழுதினேன்.

ஜலகண்டம் உன் ஜாதகத்தில் இருக்கிறதா என்று நான் பார்த்ததில்லை. அம்மா சொன்னாள். அது அப்படியே இருப்பது எனக்கும் சௌகரியமாக இருந்தது.

வெளியே போய் நாளாகிறது. கறிகாய்கூட எதிர்வீட்டுப் பெண் வாங்கித் தருகிறாள். தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருக்குமோ என்று ஒவ்வொரு முகத்தையும் பார்க்கவேண்டியிருக்கிறது.

தாயம்மாள்


கே.ஜி.கண்டிகை,
7-6-1946

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கை ஆறிவிட்டது. மஞ்சள் ஜெயம்மா வைத்தாள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள்மேல் கோபமாக இருக்க முயன்றேன், முடியவில்லை. பாவாவைப் பற்றி என்ன எழுதினாலும் அது உங்களுக்கு உதவாது. நேரில் பேசுவோம்.

மாடி அறையில் தங்கிவிட நான் வரவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மனத்தாங்கல் வேண்டாம். வரும் வெள்ளிக்கிழமை காலை ரயிலில் விருந்தாளியாக வருகிறேன். ஜெயம்மாவும் வருகிறாள். அவள் கடலைப் பார்த்ததில்லை. துளசிங்கம் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "போங்க. ஆனா அங்க எறங்கிடாதீங்க ரெண்டு பேரும்" என்றார். முள் போட்ட நாளுக்குப் பிறகு அவள் அன்றுதான் சிரித்தாள்.

எனக்குக் கடற்கரைக்கு வழி மறந்துவிட்டது. நீங்கள்தான் கூட்டிப்போகவேண்டும். மறுக்காதீர்கள். முகங்களைப் பார்க்கவேண்டியிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் உங்கள் இரண்டு பக்கமும் நின்றுகொள்கிறோம்.

உங்கள் தங்கை,
கௌரி


புரசைவாக்கம்,
11-6-1946

கௌரிக்கு,

இங்கே நேற்று ஒரு தூறல் விழுந்தது. மற்றபடி முழங்கால் பரவாயில்லை.

அந்த ஜெயம்மாவை நான் இன்னும் நம்பவில்லை. மரத்தில் கயிற்றைக் கட்டிவிட்டுக் குளிக்கப் போகிறவளை எப்படி நம்புவது? நேரில் பார்த்துக் கேட்கிறேன். அவளுக்கு இனிப்பு பிடிக்குமா, காரமா என்று நீ எழுதவில்லை. இரண்டும் செய்து வைக்கிறேன்.

ஸ்டேஷனிலிருந்து நீங்களாக வரவேண்டாம். நான் சென்ட்ரலுக்கு வருகிறேன். டிராமில் வருவேன். தனியாக இதுவரை ஏறினதில்லை. எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்று எதிர்வீட்டுப் பெண்ணிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். டிக்கெட்டை வண்டிக்குள்ளேயே கொடுப்பார்களாம். எனக்கு அதுகூடத் தெரியாது, சிரிக்காதே. அவள் துணைக்கு வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்கு ஒருமுறை சும்மா ஏறி, போய்விட்டுத் திரும்பிப் பார்க்கப்போகிறேன். திரும்பி வந்துவிட்டேனா என்று உனக்கு எழுத நேரம் இருக்காது. வெள்ளிக்கிழமை உங்கள் ரயில் வந்து நிற்கும்போது நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொள்.

அக்கா,
தாயம்மாள்